இரண்டு கம்ப்யூட்டரை ஒரே கேபிளில் இணைத்தால் உள்ளே என்ன நடக்கிறது?

கீழக்கரையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் காக்கா ஒருவர் (இங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்) என் சர்வீஸ் கடைக்கு வந்தார். புது கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். பழையதில் நாலைந்து வருஷத்துக் கல்யாண வீடியோக்கள் கிடக்கின்றன, மொத்தம் 400 ஜிபி.

"எல்லாத்தையும் புதுசுக்கு மாத்தணும் தம்பி. நெட் ஸ்பீடு பத்தல. பெரிய பிளானா போட்டுரவா?"

"நெட்டு எதுக்கு காக்கா? ரெண்டு சிஸ்டமும் ஒரே மேசையிலதானே இருக்கு?"

அவர் ஏற்கெனவே மூன்று பேரிடம் கேட்டிருந்தார். நெட் இல்லாமல் லேன் கேபிள் வேலை செய்யாது என்றார் ஒருவர். அதற்கென்று தனியாக கிராஸ் கேபிள் வேண்டும், மதுரைக்குப் போனால்தான் கிடைக்கும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முனை உள்ள யூஎஸ்பி கேபிளை வாங்கிச் செருகச் சொல்லியிருக்கிறார். முதல் இரண்டும் தேவையில்லாத செலவில் கொண்டுபோய் விடும். மூன்றாவது கம்ப்யூட்டரையே கெடுத்துவிடலாம்.

இந்த மூன்று பதிலையும் நான் வாராவாரம் கேட்கிறேன். கேட்பவர்கள் விவரமில்லாதவர்கள் இல்லை. கேபிளுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் அவர்களுக்குப் பொறுமையாகச் சொன்னதில்லை, அவ்வளவுதான். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுக்குப் போகப் பாலம் எதற்கு?

தங்கச்சிமடத்தில் பக்கத்து வீட்டுக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்ப, யாரும் பாம்பன் பாலம் தாண்டி மண்டபம் போய்த் திரும்பி வருவதில்லை. சுவருக்கு மேலே கிண்ணத்தை நீட்டினால் போதும். ஒரே மேசையில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே ஃபைலை மாற்ற, அதை ஆன்லைனில் ஏற்றித் திரும்ப இறக்குவது அந்தப் பாலப் பயணம்தான். ஏற்றும்போது ஒருமுறை காத்திருக்க வேண்டும், இறக்கும்போது இன்னொருமுறை.

கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இணைப்புக்குப் பெயர் நெட்வொர்க். ஒரே வீட்டுக்குள், ஒரே கட்டடத்துக்குள் அமையும் நெட்வொர்க்கை லேன் என்கிறோம். இப்படி உலகம் முழுக்க உள்ள கோடிக்கணக்கான நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதுதான் இன்டர்நெட். தெரு இல்லாமல் நெடுஞ்சாலைக்குப் போக முடியாது. ஆனால் நெடுஞ்சாலை மூடிக் கிடந்தாலும் தெருவுக்குள் நடக்கலாம். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு கேபிளும் சேர்ந்தாலே முழுமையான ஒரு லேன். நடுவில் வைஃபை தரும் ரவுட்டர் பெட்டிகூட வேண்டாம்.

எட்டுக் கம்பி, நாலு ஜோடி

ஒரு லேன் கேபிளின் முனையை வெட்டி மேல்தோலை உரித்துப் பாருங்கள். உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள் இருக்கும். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நாலு நிறம். ஒவ்வொரு நிறத்துக்கும் முழு நிறத்தில் ஒரு கம்பி, அதே நிறம் வெள்ளையோடு கலந்து ஒரு கம்பி. இந்த இரண்டும் கயிறு திரித்ததுபோல் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும்.

ஏன் முறுக்க வேண்டும்? கரையில் அருகருகே கட்டிய இரண்டு வல்லங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அலை வந்தால் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். தரையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஆடுகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பார்த்தால் உயரத்தில் மாற்றமே இல்லை. ஜோடிக் கம்பியும் அப்படித்தான். பக்கத்தில் ஓடும் மோட்டாரோ டியூப்லைட்டோ கிளப்பும் மின் இரைச்சல், சுற்றிப் பின்னிய இரண்டு கம்பியையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தாக்குகிறது. எதிர்முனையில் உள்ள கம்ப்யூட்டர் இரண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிக்கிறது. இரைச்சல் கழிந்துபோய் செய்தி மட்டும் மிஞ்சுகிறது. இதனால்தான் 100 மீட்டர் நீளம் வரை ஒரே கேபிளை நம்பி இழுக்கலாம்.

இனி கிராஸ் கேபிள் விஷயம். தொலைபேசியில் என் வாய் உங்கள் காதோடு இணைய வேண்டும், உங்கள் வாய் என் காதோடு. வாயும் வாயும் இணைந்தால் இரண்டு பேரும் கத்தலாம், ஒருவருக்கும் கேட்காது. 100 மெகாபிட் வேகத்தில் ஓடும் பழைய முறையில் கம்ப்யூட்டரின் லேன் துளையில் 1, 2 ஆகிய பின்கள் (கம்பி வந்து தொடும் உலோகக் கோடுகள்) பேசும், 3, 6 ஆகியவை கேட்கும். இரண்டு கம்ப்யூட்டரை நேரான கேபிளால் இணைத்தால் பேசும் பின் பேசும் பின்னோடு போய் முட்டும். அதைத் தவிர்க்க ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடியையும் பச்சை ஜோடியையும் இடம் மாற்றி அடித்தார்கள். அதுதான் கிராஸ் கேபிள்.

அந்தக் காலத்துக்கு அது சரியான பதில். 1999-இல் இந்தக் கேபிளுக்கு, அதைவிடப் பத்து மடங்கு வேகமான ஜிகாபிட் தரம் வந்தது. அதில் நாலு ஜோடியும் ஒரே நேரத்தில் பேசவும் செய்யும், கேட்கவும் செய்யும். வாய் எது, காது எது என்பதை லேன் துளையே கண்டுபிடித்து உள்ளுக்குள் மாற்றிக்கொள்ளும் வசதியும் அதோடு பரவலானது. ஜிகாபிட் துளை உள்ள கம்ப்யூட்டராக இருந்தால் ரவுட்டரோடு வந்த சாதாரண கேபிளே போதும். மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: நெட் வேண்டாம், ரவுட்டர் வேண்டாம், கிராஸ் கேபிளும் பெரும்பாலும் வேண்டாம். இரண்டு பக்கமும் லேன் துளை இருக்க வேண்டும். மெல்லிய லேப்டாப்பில் துளை இல்லையென்றால் யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

வாக்கி டாக்கியிலிருந்து வந்த வழி

படகுக்காரர்களுக்கு இந்தப் பகுதி எளிதாகப் புரியும். கடலில் வாக்கி டாக்கியில் ஒருவர் பேசும்போது மற்றவர் பொத்தானை அமுக்கக் கூடாது. காற்று ஒன்றுதான், இரண்டு குரல் மோதினால் இரண்டும் கெட்டுவிடும். 1971-இல் ஹவாயில் தீவுக்குத் தீவு கம்ப்யூட்டர்களை ரேடியோ வழியாக இணைத்தபோதும் இதே சிக்கல்தான். மோதினால் கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பு என்பது அங்கே எடுத்த முடிவு. அந்த யோசனையை 1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் கேபிளுக்குள் கொண்டுவந்தார். பெயர் ஈத்தர்நெட். உங்கள் கம்ப்யூட்டர் செட்டிங்ஸில் லேன் துளைக்கு இன்றைக்கும் அந்தப் பெயர்தான். தீவுகளுக்கிடையே பிறந்த யோசனை என்பதால் ராமேஸ்வரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி.

இப்போது இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே போகும் நேர் கேபிளில் மோதலே கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம்.

வேகக் கணக்கும் ஒரு பச்சைப் புள்ளியும்

மக்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பிட் என்பது கம்ப்யூட்டர் கணக்கில் மிகச் சிறிய துணுக்கு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். கேபிள் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள், ஃபைல் அளவைப் பைட்டில் சொல்வார்கள். அதனால் 100 மெகாபிட் என்று எழுதியிருந்தால் எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 12.5 மெகாபைட். கையில் கிடைப்பது சுமார் 11. ஜிகாபிட் என்பது 1000 மெகாபிட். வகுத்தால் 125, கிடைப்பது சுமார் 110.

காக்காவின் 400 ஜிபி 100 மெகாபிட்டில் போனால் பத்து மணி நேரம் ஆகும். ஜிகாபிட்டில் ஒரு மணி நேரம். வீட்டு நெட் 40 மெகாபிட் என்று வைத்து ஆன்லைன் வழியாக அனுப்பினால், ஏற்ற மட்டும் 22 மணி நேரம் பிடிக்கும்.

ஒரு மணி நேரக் கணக்கைச் சொல்லிவிட்டு அவர் ஸ்டுடியோவுக்குப் போய்க் கேபிளைச் செருகினேன். நொடிக்கு 11-க்கு மேல் ஏறவில்லை. இரண்டு கம்ப்யூட்டரும் ஜிகாபிட். ஹார்ட் டிஸ்கிலும் குறையில்லை. செட்டிங்ஸில் இணைப்பு வேகம் 100 என்று காட்டியது. கேபிளைக் கழற்றி முனையை மொபைல் டார்ச்சில் பார்த்தேன். முனையில் பித்தளை நிறத்தில் எட்டுக் கோடுகள் வரிசையாக மின்ன வேண்டும். ஏழாவது கோட்டின் நுனியில் கடுகில் பாதி அளவுக்குப் பச்சை பூத்திருந்தது. உப்புக் காற்று பட்டுப்பட்டு வந்த களிம்பு. ஸ்டுடியோவின் பின்பக்க ஜன்னல் கடலைப் பார்த்தது. அந்த ஜன்னல் ஆணியில்தான் கேபிள் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு கோடு போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒன்று தொடர்பு விட்டாலும் பல கம்ப்யூட்டர்கள் எதுவும் சொல்லாமல் 100-க்கு இறங்கிவிடும். திரையில் எச்சரிக்கை வராது. ஃபைல் போய்க்கொண்டேதான் இருக்கும், மெதுவாக. அதனால் நம்மவர்கள் "லேன் கேபிள்னா இவ்வளவுதான் ஸ்பீடு" என்று முடிவுகட்டி விடுகிறார்கள். என் பையிலிருந்து வேறு கேபிளைப் போட்டதும் வேகம் 105-க்கு ஏறி நின்றது.

இந்தக் கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடிப் பக்கம் வரை எந்த ஊரில் இருந்தாலும் இதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்: ஃபைலைக் காப்பி செய்யும் முன் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 1000 அல்லது 1 ஜிகாபிட் என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் முனையைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று. ஒரே ஒரு 10 ஜிபி வீடியோ சீக்கிரம் போய்விடும், அதே 10 ஜிபி அளவுக்குச் சின்னச் சின்னப் படங்கள் என்றால் இழுக்கும். பத்து கிலோ சீலா மீனைத் தராசில் ஒரே தூக்கில் நிறுத்துவிடலாம். பத்து கிலோ நெத்திலியை ஒவ்வொன்றாக எண்ணிப் பேர் எழுதி வாங்கச் சொன்னால் பொழுது சாய்ந்துவிடும். ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர் பதிந்து, திறந்து, எழுதி, மூட வேண்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்கள் இருந்தால் முதலில் ஜிப் செய்து ஒரே மூட்டையாக்கி அனுப்புங்கள்.

கதவிலக்கம் இல்லாத தெரு

கேபிள் செருகியாச்சு, துளையில் பச்சை விளக்கும் எரிகிறது. ஆனால் ஒரு கம்ப்யூட்டருக்கு மற்றொன்று தெரியவில்லை. ஏனென்றால் விளக்கு எரிவதற்குப் பொருள் தெரு போட்டாகிவிட்டது என்பது மட்டும்தான். வீடுகளுக்குக் கதவிலக்கம் இன்னும் வரவில்லை.

நெட்வொர்க்கில் அந்தக் கதவிலக்கத்துக்குப் பெயர் ஐபி முகவரி. 192.168.10.1 என்பதுபோல் புள்ளி வைத்த நாலு எண்கள். வழக்கமாக இதை ரவுட்டர் கொடுக்கும். நேர் கேபிளில் ரவுட்டர் இல்லை. அப்போது விண்டோஸ் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு, 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தானே எடுத்துக்கொள்ளும். இந்த எண்ணைப் பார்த்ததும் ஏதோ பழுது என்று பலர் பயப்படுகிறார்கள். ரவுட்டரோடு இணைத்திருக்கும்போது வந்தால்தான் அது கோளாறு. நேர் கேபிளில் அது சரியான எண். இரண்டு கம்ப்யூட்டரும் அப்படி எண் எடுத்துக்கொண்டால் பேசவும் முடியும்.

ஆனாலும் நானே எண்ணைக் கொடுத்துவிடுவேன். அடுத்த முறையும் அதே எண் இருக்கும், தேட வேண்டியதில்லை. ஃபைல் இருக்கும் பழைய கம்ப்யூட்டருக்கு 192.168.10.1, புதியதற்கு 192.168.10.2. கூடவே சப்நெட் மாஸ்க் என்று ஒன்று கேட்கும். எண்ணின் எந்தப் பகுதி தெருப்பெயர், எது கதவிலக்கம் என்று பிரித்துச் சொல்வது அது. 255.255.255.0 என்று கொடுத்தால் முதல் மூன்று எண்களும் தெரு, கடைசி எண் வீடு. இரண்டு கம்ப்யூட்டரிலும் தெரு ஒன்றாகவும் வீடு வேறாகவும் இருக்க வேண்டும். கேட்வே என்பது ஊரைவிட்டு வெளியே போகும் வழி. அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலியாக விட்டால் உங்கள் வைஃபை இன்டர்நெட் அதுபாட்டுக்கு ஓடும், கேபிள் ஃபைலை மட்டும் பார்த்துக்கொள்ளும்.

வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 என்ற தெருவைப் பயன்படுத்தும். அதனால்தான் நான் 10 என்று வேறு தெரு எடுத்தேன். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே வைஃபையிலும் இருந்தால் ஃபைல் வைஃபை வழியாகவே போய்விட வாய்ப்பு உண்டு. கேபிளின் எண்ணைச் சொல்லித் திறந்தால் கேபிள் வழியாகத்தான் போகும்.

திண்ணையும் உள்வீடும்

நம் பழைய வீடுகளில் திண்ணையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். உள்ளே வர வீட்டுக்காரர் அழைக்க வேண்டும். ஷேரிங் என்பது உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திண்ணையாக்குவது. மற்ற கம்ப்யூட்டர் அதை மட்டும் பார்க்கும். முழு டிரைவையும் ஷேர் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அடுப்படி வரை கதவைத் திறந்து போடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். மாற்ற வேண்டியதை ஒரு ஃபோல்டருக்குள் போட்டு அதை மட்டும் ஷேர் செய்யுங்கள். புதிய கம்ப்யூட்டரில் ஃபோல்டர் விண்டோவின் மேல்பட்டையில் \\192.168.10.1 என்று அடித்தால் அந்தத் திண்ணை திறக்கும். இதற்கான மொழி விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் தெரியும். ஒரு பக்கம் மேக் இருந்தாலும் கவலை இல்லை.

திறக்கவில்லையா? நான் பார்த்த வரையில் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

முதலாவது, ஃபயர்வால். வெளியிலிருந்து வருகிறவர்களை வாசலில் நிறுத்தி விசாரிக்கும் காவல் மென்பொருள் அது. ரவுட்டர் இல்லாத நேர் கேபிளை விண்டோஸ் முன்பின் தெரியாத நெட்வொர்க்காகப் பார்த்து, பப்ளிக் வகையில் போட்டுவிடும். பஸ் ஸ்டாண்டில் பையைத் திறக்காமல் மடியில் இறுக்கி வைத்துக்கொள்வதுபோல் ஷேரிங்கை மூடி வைக்கும். இணைப்பைப் பிரைவேட் என்று மாற்றினால் வீட்டுக்குள் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். மாற்ற விடவில்லை என்றால் வைஃபையை அணைத்துவிட்டு, அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் பப்ளிக் பகுதிக்கே ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்து வேலையை முடிக்கலாம். ஃபயர்வாலை மொத்தமாக அணைக்கச் சொல்கிறவர் பேச்சைக் கேட்க வேண்டாம். இதைப் பிங் (மற்ற கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) வைத்துச் சோதிக்கிறவர்களும் கவனியுங்கள்: பப்ளிக் வகையில் பிங்குக்கும் பதில் வராது. பதில் வராததை வைத்துக் கேபிள் போச்சு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, பாஸ்வேர்டு. மற்ற கம்ப்யூட்டர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும்போது, தினமும் திறக்க அடிக்கும் நாலு இலக்க பின் நம்பரைக் கொடுப்பார்கள். அது ஏற்காது. பின் நம்பர் அந்த ஒரு கம்ப்யூட்டரின் திரைக்கு மட்டும் உரியது. கணக்கின் உண்மையான பாஸ்வேர்டுதான் வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கு என்றாலும் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். வேலை முடிந்ததும் வேண்டுமானால் எடுத்துவிடலாம்.

ஆக, தெரியவில்லை என்றதும் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிக் குழப்பிக்கொள்ளாமல், கம்பி, முகவரி, அனுமதி என்ற வரிசையில் பாருங்கள். விளக்கு எரிகிறதா? எண்கள் ஒரே தெருவில் இருக்கின்றனவா? திண்ணை திறந்திருக்கிறதா? முன்னால் உள்ளது சரியில்லாமல் அடுத்ததைத் திருகிப் பயனில்லை.

அந்த யூஎஸ்பி கேபிள்

இரண்டு பக்கமும் தட்டையான ஒரே முனை உள்ள சாதாரண யூஎஸ்பி கேபிளை இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே செருகாதீர்கள். இரண்டுமே 5 வோல்ட் மின்சாரம் கொடுக்கிற பக்கம். வாங்கிக்கொள்கிற பக்கம் இல்லை. மின்சாரம் எதிரெதிராக முட்டித் துளை பழுதாகலாம். அது ஒருபுறமிருக்க, பேச்சும் நடக்காது, ஏனென்றால் இரண்டும் கட்டளையிடும் பக்கம். நடுவில் சிறு பெட்டிபோல் ஒரு சிப் வைத்த டேட்டா டிரான்ஸ்ஃபர் கேபிள் என்று தனியாக விற்கிறார்கள். அது வேறு, அதைப் பயன்படுத்தலாம்.

காப்பி ஓடும்போதும் முடிந்த பிறகும்

தொடங்கும் முன் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஸ்லீப் ஆகாதபடி வைத்துவிடுங்கள். நடுவில் ஒன்று தூங்கினால் காப்பி அறுந்துவிடும். கரண்ட் போய்வரும் ஊர்களில் யூபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரில் 400 ஜிபியை ஒரே மூச்சில் அனுப்பாதீர்கள். வருஷவாரியாகப் பிரித்து அனுப்பினால், அறுந்தாலும் அந்த வருஷத்தை மட்டும் திரும்பப் போட்டால் போதும். கட் செய்து ஒட்டாதீர்கள், காப்பி மட்டும் செய்யுங்கள். பழையதை அழிப்பது கடைசி வேலை.

காக்காவும் நானும் அப்படித்தான் செய்தோம். முடிந்ததும் இரண்டு ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஃபைல் எண்ணிக்கையையும் பைட் கணக்கையும் ஒப்பிட்டோம். பிறகு வருஷத்துக்கு ஒன்றாக வீடியோவைத் திறந்து, கடைசி நிமிஷம் வரை நகர்த்தி ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு வீடியோவில் அவருடைய வாப்பா பந்தல் வாசலில் நின்று வந்தவர்களுக்கு ஸலாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதை மட்டும் முழுசாகப் பார்த்தார்.

அப்புறம் ஷேரிங்கை நிறுத்தி, பாஸ்வேர்டை அவருக்கு வேண்டியபடி வைத்து, ஐபி முகவரியைத் தானியங்கிக்குத் திருப்பினோம். இந்தக் கடைசி வேலையை மறந்தால், இன்னொரு நாள் அதே துளையில் ரவுட்டர் கேபிளைச் செருகும்போது நெட் வராது. புதுக் கேபிளைச் சுருட்டி ஜிப் கவரில் போட்டு, ஜன்னலுக்கு எதிர்ப்பக்க அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.